ஆயா வீட்ல தங்கம், என்னைப் பார்த்தவுடனே அலறல்: 2 வயசு பையன என்ன பண்றது?

பிறை அம்மா:

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இன்னிக்கு எழுதியே ஆகணும்னு தோணிடுச்சு, கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சிருங்க.

பையனுக்கு 2 வயசு 3 மாசம். நானும் வீட்டுக்காரரும் பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறையில. காலைல இருட்டோட அவன ஆயா வீட்ல விட்டுட்டு பாலம் ஏறினா சாயந்தரம் திரும்பி வர ஆறரை, ஜாம்ல மாட்டுனா ஏழு. ஆயா எங்க தாமான்லயே (குடியிருப்பு) ரெண்டு லோரோங் (சந்து) தள்ளி இருக்காங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கும், அன்பான மனுஷி, எங்க பையனோட சேர்த்து மூணு பிள்ளைங்கள பார்க்குறாங்க. அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன்.

விஷயம் என்னன்னா பகல் முழுக்க அவன் அங்க தங்கமாம். சோறு ஊட்டினா வாய தொறக்குறானாம், படுக்க வச்சா தூங்குறானாம், மத்த பிள்ளை பொம்மைய புடுங்குனா கூட சும்மா பார்த்துட்டு இருப்பானாம். நான் போய் வாசல் கேட்டுகிட்ட நின்னு பேர் சொல்லி கூப்பிட்ட உடனே மூஞ்சி கோணிக்கும். செருப்பு போடமாட்டேன், அந்த செருப்பு வேணாம், நீ போடாத ஆயா போடணும், சரின்னு ஆயா வந்தா ஆயா வேணாம். முந்தாநாள் ஒரு செருப்ப தூக்கி லோங்காங்குல (வாய்க்கால்) விட்டெறிஞ்சுட்டான், நான் குனிஞ்சு அத எடுக்குறேன், பின்னாலேருந்து முதுகுல பட்டு பட்டுன்னு அடிக்கிறான். காடி (கார்) சீட்ல உக்கார வைக்கப் போனா உடம்ப வில்லா வளைச்சுக்கிறான், பெல்ட் போடறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திடும். அக்கம்பக்கத்துல கதவு தொறந்து பார்க்குறாங்க. ஆயா வேற "என்கிட்ட இப்படி பண்றதே இல்லையேம்மா"ன்னு சொல்றாங்க, நல்ல எண்ணத்துல தான் சொல்றாங்க, ஆனா எனக்கு சுருக்குன்னு இருக்கு.

வீட்ல அத்தை சொல்றது, நீ தூக்கி தூக்கி கொஞ்சி கெடுத்து வச்சிருக்க, கண்டுக்காம விடு தன்னால அடங்கும். வீட்டுக்காரர் சொல்றது, ரெண்டு போட்டா சரியாயிடும் (போடமாட்டார், சொல்றதோட சரி). என் கேள்வி இதுதான், அந்த நேரத்துல தூக்கணுமா விடணுமா? தூக்குனா நாளைக்கும் இதையே பண்ணி பழகிடுவானா? இன்னொன்னும் கேக்கணும், பகல் முழுக்க விட்டுட்டு போறேன்னு என்மேல தான் அவனுக்கு கோவமா? நேத்து ராத்திரி இத நெனச்சு தூக்கமே வரல.


மூணு பிள்ளை அம்மா:

சிஸ் எங்க வீட்ல மூணும் இப்படித்தான் பண்ணுச்சு, மூணும் இப்ப ஸ்கூலுக்கு போயிட்டு வந்து என்னை திரும்பி கூட பார்க்குறதில்ல லா. அப்படியே அள்ளி தூக்கி காடில போட்டு வந்துருங்க. அக்கம்பக்கம் பார்த்தா பார்த்துட்டு போகட்டும், அவங்க பிள்ளைங்க அழாமலா வளர்ந்துச்சு.


தாஸ்கா அக்கா:

நான் கேஎல்ல (கோலாலம்பூர்) செகாம்புட் பக்கம் ஒரு தாஸ்காவுல (பிள்ளை காப்பகம்) வேலை செய்றேன், நீங்க சொல்ற காட்சிய தினமும் சாயந்தரம் கேட்டுகிட்ட பார்க்குறவ. பகல்ல சத்தமே போடாத பிள்ளை அம்மா காடி சத்தம் கேட்டவுடனே பையை தூக்கி எறியும், அப்பா வந்தா கீழ உருளும். அம்மாங்க எல்லாம் நீங்க கேட்ட அதே கேள்விய தான் கேப்பாங்க, சிலர் கண்ணு கலங்கிடும்.

பிள்ளை பக்கத்துலேருந்து பாருங்க. எங்க தாஸ்காவுல சட்டப்படி 1லேருந்து 3 வயசு வரைக்கும் அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆள் இருக்கணும், உங்க ஆயா வீட்ல மூணு பேருக்கு ஒரு ஆள், அது நல்ல கணக்கு தான். ஆனாலும் ஒரு மடிய மூணு பேர் பங்கு போட்டுக்கணும். அவ அழும்போது நான் பொறுத்துக்கணும், அவன் பொம்மைய புடுங்கும்போது விட்டுக்கொடுக்கணும், பசிச்சாலும் சமையல் முடியிற வரைக்கும் இருக்கணும். ரெண்டு வயசு பிள்ளைக்கு இது பெரிய உழைப்பு. பொம்மைய புடுங்குனா சும்மா பார்த்துட்டு இருப்பான்னு சொன்னீங்களே, அங்க அவன் முழுங்குனத எல்லாம் யார்கிட்ட கொட்டுவான்? கொட்டினாலும் தன்னை விட்டுடாத ஆள்கிட்ட தான் கொட்டுவான். அதனால உங்கமேல கோவமான்னு கேட்டா, கொஞ்சம் கோவமும் இருக்கும், ரொம்ப நேரம் காத்திருந்த கோவம், ஆனா அது உங்கள வேணாம்னு சொல்ற கோவம் இல்ல.

கேட்டுகிட்ட நான் பார்க்குற ஒண்ண சொல்றேன். பெத்தவங்க வந்தவுடனே எங்ககிட்ட பேச ஆரம்பிச்சுருவாங்க. சாப்பிட்டானா, எத்தன மணிக்கு தூங்குனான், கக்கா போனானா, இந்த மாசம் காசு நாளைக்கு தரேன் டீச்சர். பிள்ளை கீழ நின்னு கைப்பைய இழுக்கும், "இரு இரு அம்மா பேசிட்டு இருக்கேன்ல". அந்த பிள்ளை காலைலேருந்து காத்திருந்தது இந்த நிமிஷத்துக்கு, இங்கயும் அதுக்கு முறை வரல. அதனால முதல்ல அவன். ஆயாவுக்கு ஒரு தலையாட்டு போதும். அவன் உயரத்துக்கு குத்துக்கால் போட்டு உக்காந்து கைய நீட்டுங்க, கேள்வி எதுவும் கேக்காதீங்க, "இன்னிக்கு என்ன பண்ண"ன்னு கேட்டா ரெண்டு வயசுக்கு பதில் சொல்ல வராது, எரிச்சல் தான் வரும். வந்து ஒட்டிக்கிட்டான்னா தூக்கிக்கோங்க. வரலன்னா பக்கத்துல உக்காந்திருங்க. சாப்பாடு தூக்கம் விவரமெல்லாம் ஆயாகிட்ட மத்தியானமே வாட்ஸாப்ல கேட்டு வாங்கிடுங்க.

அப்புறம் ஏழு மணின்னா அவனுக்கு பசி. ஆயா அஞ்சு மணிக்கு பிஸ்கட் கொடுத்திருப்பாங்க, அது எந்த மூலைக்கு. கைப்பைல ஒரு வாழைப்பழம் வச்சுக்கோங்க, பாதி ரகளை அதுலயே அடங்கும்.

ஒண்ணு கேக்கணும், நீங்க போகும்போது அவன் என்ன பண்ணிட்டு இருப்பான்?


ஜெலுத்தோங் பாட்டி:

அம்மாடி, உன் மாமியார் வயசு தான் எனக்கும், அதனால அவங்க சார்பா பேசுவேன்னு நெனைக்காத.

நான் பொறந்து வளந்தது கெடா பக்கம் ரப்பர் தோட்டம். எங்கம்மா இருட்டோட பெரட்டுக்கு (வேலைக்கு பேர் கூப்பிடுற இடம்) போயிடும், நாங்க சின்னதுங்க எல்லாம் ஆயா கொட்டகையில. வரிசையா சேலைத் தொட்டில் தொங்கும், ஒரு ஆயா, சில நாள் ரெண்டு ஆயா. அந்த காலத்துல பிள்ளைங்கள எல்லாம் கண்டுக்காம விட்டுட்டாங்க, அதுங்களா வளந்துச்சுன்னு இப்ப பேசுறாங்களே, யார் சொன்னா? ஆயா இடுப்புல எப்பவும் ஒண்ணு இருக்கும். அழுவுற பிள்ளைய அப்படியே விட்டா ஏங்கிப் போயிடும்னு எங்க பாட்டி சத்தம் போடும். அம்மாவுக்கு கை ஓயலன்னா அக்கா தூக்கும், அக்கா இல்லன்னா பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீடு) சித்தி தூக்கும். தூக்க ஆள் இருந்துச்சு, அதான் விஷயம். இப்ப எல்லாம் உன் ஒருத்தி தலைல விழுது, அதனால தான் உனக்கு இவ்ளோ பாரமா தெரியுது.

எங்கம்மா பால் வெட்டு முடிஞ்சு, பால் நிறுத்து கொடுத்துட்டு வீட்டுக்கு வரும்போது வெயில் உச்சில நிக்கும். கை கால கழுவிட்டு உடனே அடுப்படிக்கு போகாது. லயத்து வாசப்படில உக்காரும், சீலைல ரப்பர் பால் வாடை அப்படியே அடிக்கும், என் தம்பிய மடில போட்டுக்கும். அவன் அழுவான், சீலைய இழுப்பான், ஒரு நாள் கம்மல புடிச்சு இழுத்து காதுல ரத்தமே வந்துச்சு. அம்மா அவன் கைய மட்டும் புடிச்சுக்கும், "காது வலிக்குதுடா அய்யா"ன்னு ஒரு வார்த்தை, அதோட சரி. அவனா மடிய விட்டு எறங்கி ஓடுற வரைக்கும் எந்திரிக்காது. எறங்கிட்டான்னா சோறு பொங்கப் போகும். சில நாள் சீக்கிரம் எறங்குவான், சில நாள் சோறு லேட்டாகும், அப்பா ஒரு முனகு முனகுவார்.

உன் மாமியார்கிட்ட சண்டைக்கு போகாத. "அத்தை நீங்க கொஞ்ச நேரம் வச்சிருங்க, நான் குளிச்சிட்டு வரேன்"னு பேரன அவங்க மடில போடு. கண்டுக்காம விடுன்னு வாய் சொல்லும், கை தன்னால தட்டிக்கொடுக்கும் பாரு.


புத்தகப்பூச்சி:

பாட்டி சூப்பர். நான் குழந்தை வளர்ச்சி படிச்சவ, இப்ப கேஎல்ல தான் இருக்கேன், ரெண்டு மூணு விஷயம் சேர்த்துக்கிறேன்.

தூக்குனா பழகிடுமான்னு கேட்டீங்க. இத பத்தி அமெரிக்காவுல பால்டிமோர்ல மேரி எயின்ஸ்வர்த்தும் சில்வியா பெல்லும் 26 அம்மா பிள்ளைகள அவங்க வீட்டுக்கே போய் ஒரு வருஷம் முழுக்க கவனிச்சு 1972ல எழுதினாங்க. முதல் மாசங்கள்ல அழுகைக்கு சட்டுன்னு போன அம்மாக்களோட பிள்ளைங்க ஒரு வயசு நெருங்கும்போது கம்மியா அழுதுச்சு, கூடுதலா இல்ல. நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும், 1991ல நெதர்லாந்துல திரும்ப செஞ்சு பார்த்தப்ப அதே முடிவு வரல, அதனால ஒவ்வொரு சிணுங்கலுக்கும் ஓடணும்னு யாரும் சட்டம் போட முடியாது. ரெண்டுமே கைக்குழந்தைங்கள வச்சு பண்ணது வேற. ஆனா தூக்குறதால பிள்ளை கெட்டுப்போகும்னு சொல்றவங்களுக்கு இதுல பெரிசா பிடி ஒண்ணும் கெடைக்காது.

உங்க கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஒண்ணு இருக்கு. அதே எயின்ஸ்வர்த் தான் ஒரு வயசு, ஒன்றரை வயசு பிள்ளைங்கள ஒரு புது ரூம்ல வச்சு, அம்மா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு திரும்பி வர்ற மாதிரி ஒரு சோதனை அமைச்சாங்க. எல்லாரும் அம்மா போகும்போது பிள்ளை எவ்ளோ அழுதுன்னு பார்ப்பாங்கன்னு நெனைப்போம், அவங்க முக்கியமா பார்த்தது அம்மா திரும்பி வரும்போது பிள்ளை என்ன பண்ணுதுன்னு. சில பிள்ளைங்க அழுதுட்டே ஓடிவந்து ஒட்டிக்கிட்டு கொஞ்ச நேரத்துல ஆறி விளையாடப் போயிடும். சிலது அம்மா வந்ததையே கண்டுக்காது, பார்க்குறவங்க "ஐ எவ்ளோ சமத்து"ம்பாங்க. 1977ல அந்த மாதிரி பிள்ளைங்களோட நெஞ்சுத்துடிப்ப அளந்து பார்த்தா உள்ளுக்குள்ள படபடன்னு தான் இருந்துச்சு. அதனால அமைதியா இருக்குற பிள்ளை எல்லாம் நிம்மதியா இருக்குன்னு எடுத்துக்க முடியாது, சத்தம் போடுற பிள்ளை எல்லாம் கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாது.

தயவுசெஞ்சு இத படிச்சுட்டு கூகிள்ல தேடி உங்க பையன் எந்த வகைன்னு முத்திரை குத்தாதீங்க. அது பயிற்சி எடுத்தவங்க ஒரு கட்டமைப்போட பண்ற சோதனை. பசியோட இருக்குற ரெண்டு வயசுக்காரன் ஏழு மணிக்கு செருப்ப லோங்காங்குல போடறது வேற கணக்கு.

அடிக்கிறத பத்தியும் சொல்லணும். கோவம் வரலாம், அடிக்கக்கூடாது, ரெண்டையும் பிரிச்சுக்கோங்க. கைய மெதுவா புடிச்சுக்கிட்டு "அடிக்க விடமாட்டேன், அம்மாவுக்கு வலிக்கும்", அவ்ளோதான், குரல ஏத்த வேணாம். காடி சீட்டும் அதே மாதிரி. அதுல பேரம் கெடையாது, 2020லேருந்து நம்ம மலேசியாவுல சட்டமே இருக்கு. "உனக்கு உக்கார புடிக்கல, தெரியுது, பெல்ட் போட்டா தான் காடி போகும்"னு சொல்லிக்கிட்டே போட்டுருங்க. அழுவான். அழட்டும், நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல. அழ விடறதுக்கும் தனியா அழ விடறதுக்கும் ரொம்ப தூரம்.


மூணு பிள்ளை அம்மா:

இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு சிஸ், ஆனா ஒண்ணு. இப்ப நிறைய அம்மாங்க பிள்ளை கத்தும்போது "உனக்கு இப்ப கோவமா இருக்கு இல்லையா செல்லம், அந்த கோவத்துக்கு நாம பேரு வைப்போமா"ன்னு மைக் புடிச்ச மாதிரி பேசிட்டே இருக்காங்க. என் தங்கச்சி அப்படித்தான். அவ பேச பேச பிள்ளை இன்னும் கத்துது லா, எனக்கே கத்தணும் போல இருக்கு.


புத்தகப்பூச்சி:

ஹாஹா ஒத்துக்கிறேன். ரகளை உச்சத்துல இருக்கும்போது காதுல ஒண்ணும் ஏறாது. அப்ப வாய மூடிட்டு பக்கத்துல இருந்தா போதும். "கோவம் வந்துச்சு, அம்மா லேட்டா வந்தேன்"னு பேரு சொல்றதெல்லாம் ராத்திரி குளிச்சு படுத்தப்புறம், ரெண்டு வரில. அவன் திருப்பி சொல்லணும்னு கூட இல்ல.


செந்தூல் அப்பா:

இங்க எல்லாரும் அம்மா அம்மான்னே எழுதிட்டு இருக்கீங்க, கூட்டிட்டு வர்றது நான் ஒருத்தன் இருக்கேன்.

மனைவி ஷிஃப்ட் வேலை, அதனால மகள தாஸ்காலேருந்து கூட்டிட்டு வர்ற வேலை என்னோடது. ரெண்டரை வயசு. நாங்க நேரா வீட்டுக்கு போறதில்ல. தாஸ்காவுக்கு பக்கத்துல ஒரு சின்ன பாடாங் (திடல்) இருக்கு, ஓரத்துல சிமெண்ட் பெஞ்சு, அங்க உக்காந்து ஒரு பீசாங் கோரேங்க (வாழைப்பழ பஜ்ஜி) பிச்சு ரெண்டு பேரும் தின்போம், எல்ஆர்டி ரயில் போறத பார்ப்போம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நான் பேசமாட்டேன், போன் பாக்கெட்டுல. அவ முதல்ல பெஞ்சுக்கு கீழ இருக்குற கல்ல எல்லாம் காலால தள்ளுவா, மூஞ்சி உர்ர்னு இருக்கும், அப்புறம் மெதுவா வந்து என் முட்டில சாய்வா, சாய்ஞ்சுட்டான்னா வேலை முடிஞ்சது, வீட்டுக்கு போகலாம். மழை பெய்ஞ்சா காடிக்குள்ளயே உக்காந்து அதையே பண்றது. முன்னாடி வீட்டு வாசல்ல நடந்த யுத்தம் இப்ப பெஞ்சுல முடிஞ்சிடுது, சத்தம் கம்மி.

பிறை அம்மா, உங்க வீட்டுக்காரர் எந்த நேரம் வர்றார்? வாரத்துல ஒரு நாளாவது அவர் போய் கூட்டிட்டு வரட்டும். ரெண்டு போட்டா சரியாயிடும்னு சொல்ற மனுஷன் அந்த செருப்ப ஒரு தடவ லோங்காங்குலேருந்து எடுக்கட்டும், அப்புறம் பேசுவோம்.


பிறை அம்மா:

எல்லாத்தையும் படிச்சேன், சிரிச்சேன், கொஞ்சம் அழுதேன், ரொம்ப நன்றி. பாட்டி உங்க அம்மா வாசப்படில உக்காந்தத வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன். செந்தூல் அப்பா எழுதினதையும் காட்டினேன், மனுஷன் ஒண்ணும் பேசல, வெள்ளிக்கிழமை நான் போறேன்னு மட்டும் சொன்னார் :)

தாஸ்கா அக்கா கேட்டதுக்கு பதில். நான் போகும்போது அவன் போன் பார்த்துட்டு இருப்பான். ஆயாவோட போன். அஞ்சு மணிக்கு மேல ஆயா சமைக்கணும், மத்த ரெண்டு பிள்ளைங்களும் அப்பவே போயிடும், இவன் தனியா இருக்கான்னு கொடுத்துடறாங்க. நான் கூப்பிடும்போது ஆயா போன வாங்குவாங்க, அப்பத்தான் மூஞ்சி கோணும். இத்தன நாள் அவன் என்னைப் பார்த்து அழுறான்னே நெனச்சிட்டு இருந்தேன்.

அப்ப இது எல்லாம் போன்னாலயா? வேற ஏதும் பயப்பட வேண்டியது இல்லையே?


தாஸ்கா அக்கா:

எல்லாம் போன்னாலன்னு சொல்லமாட்டேன். எங்க தாஸ்காவுல போன் கெடையாது, அங்கயும் கேட்டுகிட்ட உருளுறாங்க. ஆனா பாருங்க, பசி, அலுப்பு, அம்மாவ பார்த்தவுடனே பொங்குறது, இதோட கைல இருந்தத புடுங்கறதும் அதே நிமிஷத்துல நடக்குது. அவன் கணக்குல அம்மா வந்தா போன் போயிடும். இது ஒண்ண பிரிச்சாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். நீங்க வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே போன் மூடியிருக்கணும், மூடறது ஆயாவா இருக்கணும், உங்க தலைய பார்த்தப்புறம் மூடக்கூடாது. டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) 2019ல சொன்னது ரெண்டு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு. அஞ்சுலேருந்து ஏழுன்னா அத தாண்டிடுது.

சும்மா இருக்கானேன்னு தானே போன் கொடுக்குறாங்க. ஒரு தாம்பாளம், கொஞ்சம் அரிசி பருப்பு, ரெண்டு பிளாஸ்டிக் கிண்ணம். ஆயா கண்ணு முன்னாடி, மூக்குல போட்டுக்காம பார்த்துக்கணும், அது மட்டும் கவனம். இல்லன்னா சமையல்ல அவனையும் சேர்த்துக்க சொல்லுங்க, பயத்தங்கா உடைக்க கொடுத்தா பாதி தரைல கெடக்கும், ஆனா இருப்பான்.


வார்டு நர்ஸ்:

நான் பினாங்குல குழந்தைங்க வார்டுல நர்ஸ். பயப்பட வேண்டியது இருக்கான்னு கேட்டதால எழுதறேன்.

முதல்ல ஒரு பழைய கதை. 1950கள்ல இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல பெத்தவங்கள வார்டுக்குள்ள ரொம்ப விடமாட்டாங்க, பார்த்துட்டு போனா பிள்ளை அழுது தொல்லை பண்ணுது, வராம இருந்தா அமைதியா இருக்குன்னு. ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர், அம்மா பிள்ளை பந்தத்த ஆராய்ஞ்ச ஜான் போல்பியோட வேலை செஞ்சவர், அந்த அமைதிய உக்காந்து கவனிச்சார். பிள்ளை முதல்ல அழுது எதிர்க்குது, அப்புறம் துவண்டு போகுது, அப்புறம் அம்மா வந்தா கூட கண்டுக்காம போகுதுன்னு எழுதினார். அப்புறம் 1959ல அங்க அரசாங்க குழு ஒண்ணு பெத்தவங்கள தாராளமா விடணும்னு சிபாரிசு பண்ணுச்சு. நான் இத எதுக்கு சொல்றேன்னா வார்டுல கத்துற பிள்ளைய விட கத்தவே மாட்டேங்குற பிள்ளைகிட்ட தான் நாங்க ரெண்டு தடவ போய் பார்ப்போம். உங்க பையன் அம்மாவ பார்த்து கத்துறான், அதுல எனக்கு பயமில்ல.

பயப்பட வேண்டியது வேற. காலைல ஆயா வீட்டு வாசல்லயே புதுசா நடுங்குறது, ஒரு குறிப்பிட்ட ஆள பார்த்தா ஒளியுறது, காரணம் தெரியாத காயம், முன்னாடி பேசின வார்த்தைங்க காணாம போறது, பேர் சொன்னா திரும்பாம இருக்குறது, சாப்பாடும் தூக்கமும் ரொம்ப நாளா கெட்டுப்போறது. இப்படி இருந்தா கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) கூட்டிட்டு போங்க, அவன் நீலக் கலர் ஹெல்த் புக்க எடுத்துட்டு போங்க. 18 மாச ஊசிக்கு போனப்ப கேள்வித்தாள் ஒண்ணு நிரப்பியிருப்பீங்க, எம்-சாட்னு பேர், ஆட்டிசம் அறிகுறி இருக்கான்னு பார்க்குறது, அத நிரப்பலன்னா இப்பவும் கேக்கலாம், வெக்கப்பட ஒண்ணுமில்ல. யாராவது பிள்ளைய அடிக்கிறாங்க, கொடுமை பண்றாங்கன்னு சந்தேகம்னா தாலியான் காசே (அரசாங்க உதவி லைன்) 15999, எந்நேரமும் எடுப்பாங்க. உங்க ஆயாவ சொல்லல, இத படிக்கிற வேற யாருக்காவது ஆகும்னு எழுதி வைக்கிறேன்.

அப்புறம் உங்களையும் பார்த்துக்கோங்க சிஸ். ராத்திரி தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்க. அது தொடர்ந்தா அதே கிளினிக்ல உங்களுக்கும் டாக்டர் இருக்காங்க.


பிறை அம்மா:

18 மாசத்துல நிரப்பினோம் சிஸ், எல்லாம் சரின்னு சொன்னாங்க. காலைல ஆயாகிட்ட தாவிப் போறான், டாட்டா கூட சொல்றான். மனசு இறங்குச்சு.

கடைசியா ஒண்ணு. போன் விஷயத்த ஆயாகிட்ட எப்படி சொல்றது? நல்ல மனுஷி, கோவிச்சுக்கிட்டாங்கன்னா வேற ஆள் கெடைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு தெரியும். எங்க தாமான்ல இன்னொரு ஆயா வீட்ல எட்டு பிள்ளைங்க, ரெஜிஸ்டர் கூட பண்ணல போல.


தாஸ்கா அக்கா:

எட்டு பிள்ளைன்னா ஜேகேஎம்ல (சமூகநலத் துறை) பதிஞ்சிருக்கணும், நாலு வயசுக்கு கீழ நாலு பிள்ளைங்களுக்கு மேல போனா மட்டும் இல்ல, நாலு பேர்னாலே 1984 பிள்ளை காப்பக சட்டத்துக்குள்ள வந்துரும். அங்க போக வேணாம். உங்க ஆயாவ விட்றாதீங்க.

போன்ல சொல்லாதீங்க, மெசேஜ்லயும் வேணாம், எழுத்துல படிச்சா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். காலைல பரபரப்புல சொல்லாதீங்க, சாயந்தரம் அவன் கத்தும்போது சொல்லவே சொல்லாதீங்க. லீவு நாள்ல போங்க.


ஜெலுத்தோங் பாட்டி:

ஆமா, ஞாயித்துக்கிழமை பசியாற வீட்ல தோசை சுட்டேன்னு ரெண்டு கட்டி எடுத்துட்டு போ. பையனையும் கூட்டிட்டு போ. உக்காந்து அவங்க முட்டி வலி கதை எல்லாம் கேளு. அப்புறம் மெதுவா, "அக்கா, சாயந்தரம் நான் வரும்போது இவன் பண்ற ரகளைல எனக்கு உசுரே போகுது, ஒரு யோசனை சொல்லுங்க"ன்னு ஆரம்பி. யோசனை கேட்டா எந்த பொம்பளைக்கும் கோவம் வராது. அவங்களே போன் பத்தி பேச்ச எடுப்பாங்க பாரு, அவங்களுக்கும் தெரியும். எடுக்கலன்னா, "நான் பாலம் தாண்டினவுடனே ஒரு மெசேஜ் போடறேன் அக்கா, அப்ப போன வாங்கிட்டு அவன திண்ணைல உக்கார வச்சிருங்களேன், அம்மா காடி வருதான்னு பார்த்துட்டு இருக்கட்டும்"னு சொல்லு. அவங்களுக்கு அடுப்பு வேலை இருக்கு, கேட்டு பூட்டியிருக்கணும், அத மட்டும் ஞாபகமா சொல்லிடு.